கைடுலைனுக்கும் வீட்டு வரிக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

"சார், கைடுலைன் வேல்யூ ஏத்திட்டாங்களாமே, வீட்டு வரி மூணு மடங்கா வருமாமே?"

வாரம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகுகூடக் கேட்கிறார்கள். வரி வசூல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் பொறுமையாகப் பதில் சொல்லிவந்தேன். போன மாதம் அந்தப் பொறுமை போய்விட்டது. எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கும் அம்மா, மகள் பெயருக்குப் பிளாட்டைச் செட்டில்மென்ட் எழுதிவைக்க நாள் பார்த்து, பத்திரமும் தயாரான பிறகு நிறுத்திவிட்டார். "இன்னைக்கு மதிப்புல பதிஞ்சா, வரியும் அந்த மதிப்புக்கு ஏறிடும்னு வாட்ஸ்அப்ல வந்துதுங்க" என்றார். வயது எழுபத்து நான்கு. அவர் காலத்திலேயே நடக்க வேண்டிய காரியத்தை ஒரு பொய்ச்செய்தி தடுத்து வைத்திருக்கிறது.

ஏறாது அம்மா. பத்திரம் பதிவதால் வீட்டு வரி ஏறாது.

கைடுலைன் என்கிற வழிகாட்டி மதிப்பு பதிவுத் துறையின் கணக்கு. ஒரு சொத்தைக் குறைத்துக் காட்டிப் பத்திரம் எழுதி முத்திரைத் தீர்வையை ஏய்க்காமல் இருக்க, தெருவாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் அவர்கள் வைத்திருக்கும் மதிப்பு அது. வீட்டு வரி மாநகராட்சியின் கணக்கு. அங்கே கேட்கப்படுவது "இந்த வீட்டை விற்றால் என்ன கிடைக்கும்?" என்பதல்ல; "வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன வரும்?" என்பதுதான். 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலிருந்து வந்த அடிப்படை இது.

சென்னையில் இதை எப்படிப் போட்டோம் என்று சொல்கிறேன். ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று ஓர் அடிப்படை விகிதம் உண்டு. குடியிருப்புக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை. கடை, அலுவலகங்களுக்கு 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரை. உங்கள் தெரு விகிதம் 1 ரூபாய் 50 காசு, வீடு 800 சதுர அடி என்று வையுங்கள். மாத வாடகை மதிப்பு 1,200 ரூபாய். நீங்களே குடியிருந்தால் 25 விழுக்காடு கழிவு, 900 ஆகிவிடும். கட்டடத்தின் பழுதுபார்ப்புச் செலவுக்கு ஒரு கழிவு தர வேண்டும் என்பதால், ஆண்டு மதிப்புக்கு 12ஆல் பெருக்காமல் 10.92ஆல் பெருக்குவோம். 9,828 ரூபாய். வீடு பழசாக இருந்தால் தேய்மானமும் போகும். மிஞ்சுவதன்மேல்தான் வரி விழுக்காடு. இதில் கைடுலைன் எங்கே வருகிறது? காட்டுங்கள்.

இன்னும் நம்பாதவர்கள் பழைய ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். 2012 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு தமிழகம் முழுக்கக் கடுமையாக உயர்ந்தது; ரியல் எஸ்டேட்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 2017 ஜூனில் 33 விழுக்காடு குறைத்தார்கள். சென்னையிலோ 1998க்குப் பிறகு 2018 வரை வீட்டு வரிக்குப் பொதுச் சீராய்வே நடக்கவில்லை. மதிப்பு ஏறியபோது வரி ஏறவில்லை, இறங்கியபோது இறங்கவும் இல்லை. 2018இல் ஏற்றியதையும் 2019 நவம்பரில் நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த அரையாண்டுகளில் ஈடு செய்தார்கள்.

அப்படியானால் 2022இல் ஏன் ஏறியது? அதற்கு வேறு காரணம். உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலும் வளர வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. பழைய சென்னைப் பகுதிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 50 விழுக்காடு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று உயர்வு வந்தது. அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிவந்த 800 சதுர அடிக்காரருக்கு 1,750 ஆனது. 2024-25இன் இரண்டாம் அரையாண்டில் சென்னையில் மேலும் 6 விழுக்காடு ஏற, 1,855. கோபப்பட வேண்டுமென்றால் இந்த நிபந்தனையைப் பற்றிப் பேசுங்கள். பேச நியாயம் உண்டு. சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸைப் பார்த்துப் பயந்து என்ன பயன்?

வீட்டு வரி பற்றி உலவும் மற்ற பேச்சுகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. "பழைய வீட்டுக்கு வரி கிடையாது": உண்டு, தேய்மானக் கழிவு ஆண்டுக்கு 1 விழுக்காடு, உச்சமே 25 விழுக்காடுதான். "ரசீது என் பெயரில் இருக்கிறது, வீடு என்னுடையது": வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. "பெயர் மாற்றினால் தொகை கூடும்": பெயர் மாறும், அதற்காகத் தொகை கூடாது. "அறையின் உள்ளளவுதான் கணக்கு": இல்லை, சுவரும் சேர்த்துத்தான். டேப்பின் ஒரு முனையை வீட்டுக்காரரையே பிடிக்கச் சொல்லி, வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளப்போம். பாதிப் பேர் அங்கேயே சண்டைக்கு வந்துவிடுவார்கள். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு என்பது மட்டும் உண்மை. அதைத்தான் யாரும் நம்புவதில்லை!

ரசீதைக் கையில் எடுத்த பிறகு இன்னொரு வரியையும் படியுங்கள். நூலக வரி. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் விடாமுயற்சியில் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் போட்ட வழி அது. இந்தியாவில் எந்த மாகாணமும் அதற்கு முன் செய்யாத காரியம். நீங்கள் கட்டும் அந்தக் காசு மாநகராட்சியின் பணமல்ல. வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுப்பது மட்டுமே அவர்கள் வேலை. பல உள்ளாட்சிகள் அதை உரிய காலத்தில் கொடுக்காமல் பாக்கி வைக்கின்றன என்பது நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து கேட்கும் புகார். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் மழைக்காலம் வந்தால் அலமாரிகளின் மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திவிடுவார்கள். வெயில் வரும்வரை புத்தகம் எடுக்க முடியாது. மூன்று மழைக்காலமாக அதே ஷீட்.

இரண்டாவது மாடி அம்மாவிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை பதிவுக்குப் போகிறார்கள். வார்டு கூட்டத்தில் நூலகக் காசு எங்கே என்று கேட்க அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வார்டிலும் கூட்டம் நடக்கும். ரசீதோடு போங்கள்.