இணை ஆட்டத்தில் ஓர் ஏற்றம்

மாணவர்களே, டென்னிஸ் என்னும் விளையாட்டைத் தமிழில் வரிப்பந்து என்றும் கூறுவர். இதில் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுவது ஒற்றையர் ஆட்டம். இருவர் இணைந்து இருவரை எதிர்த்து ஆடுவது இரட்டையர் ஆட்டம். இரண்டும் ஒரே வலை, ஒரே பந்து, ஒரே மட்டை கொண்டு ஆடப்படுவனவே. எனினும், உலகம் இவ்விரண்டையும் ஒரே கண்ணால் நோக்குவதில்லை. ஒற்றையர் வெற்றி நாளிதழின் முதற்பக்கத்தில் படத்துடன் வரும். இரட்டையர் வெற்றி விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் நான்கு வரிகளில் முடிந்துவிடும். அந்த நான்கு வரிகளுக்குள் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 43ஆம் வயதில் முதற்பக்கத்துக்கு வந்த ஒருவரைப் பற்றியது இப்பாடம். அவர் நம் கருநாடக மாநிலத்தவர். பெயர் ரோகன் போபண்ணா.

அவரை அறியுமுன் ஆடுகளத்தைச் சற்று அறிவோம். டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி. இரட்டையர் ஆட்டத்துக்கு இருபுறமும் நாலரை அடி கூடி, 36 அடி ஆகிறது. ஒருவர் 27 அடியைக் காக்க வேண்டிய இடத்தில், இருவர் 36 அடியைக் காத்தால் போதும். ஆகவே, இரட்டையர் ஆட்டம் எளிது என்று கணக்குப் பாடத்தில் தேர்ந்தவர் கூறக்கூடும். களத்தில் இறங்கினால் கணக்கு வேறாகிவிடுகிறது. எதிரே இருவர் நிற்பதால் பந்து திரும்பி வரும் நேரம் குறைகிறது. வலையருகே நிற்பவர் கண்ணிமைக்கும் நேரத்தில் குறுக்கே பாய்ந்து பந்தை அடித்துவிடுவார். இவற்றினும் கடினமான வினா ஒன்று உண்டு: இருவருக்கும் நடுவே வரும் பந்து யாருடையது? இருவரும் பாய்ந்தால் மட்டைகள் மோதும். இருவரும் விட்டுக்கொடுத்தால் புள்ளி போகும். இதனால்தான், வலையருகே நிற்பவர் தம் கையை முதுகுக்குப் பின்னே மறைத்து, விரல்களால் துணைவருக்குக் குறிப்புக் காட்டுவதைத் தொலைக்காட்சியில் காண்கிறோம்.

தமிழில் இரட்டைப் புலவர் என்போரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஒருவருக்குக் கண் இல்லை; மற்றவருக்குக் கால் இல்லை. கண் இல்லாதவர் தோளில் கால் இல்லாதவர் அமர்ந்து ஊர் ஊராகச் சென்றனர் என்பதும், ஒருவர் பாடலைத் தொடங்க மற்றவர் முடித்தார் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகள். ஏகாம்பரநாதர் உலா, தில்லைக் கலம்பகம் ஆகியவை அவர்கள் இயற்றிய நூல்கள். இரட்டையர் டென்னிஸும் ஏறத்தாழ அத்தகையதே. ஒருவர் சர்வீஸ் அடித்துத் தொடங்குகிறார். வலையருகே காத்திருப்பவர் அதனை முடித்து வைக்கிறார். புள்ளியை முடித்தவர் பெயரே நம் நினைவில் நிற்கும்; தொடங்கியவரை மறந்துவிடுகிறோம்.

ரோகன் போபண்ணா 1980 மார்ச் 4 அன்று பெங்களூரில் பிறந்து, குடகு மலையில் வளர்ந்தார். அவருடைய தந்தையார் காப்பித் தோட்டம் உடையவர். 'குடக்கு' என்றால் மேற்கு. மேற்கு மலையைக் குடமலை என்றனர் பழந்தமிழர். காவிரி பிறப்பதும் அங்கேதான். அங்குள்ள கொடவர் பேசும் கொடவ மொழி, தமிழையும் கன்னடத்தையும் போலவே தென்திராவிட மொழிகளுள் ஒன்று. வீட்டில் தமிழும், கடைத்தெருவில் கன்னடமும் தெலுங்கும் பேசும் பங்காருபேட்டை மாணவர்களாகிய உங்களுக்கு, இம்மொழிகளின் உறவை நான் விளக்க வேண்டியதில்லை.

குடகு ஆக்கி விளையாட்டுக்குப் பெயர் பெற்ற நிலம். அங்கே 1997 முதல் நடைபெற்றுவரும் குடும்ப ஆக்கித் திருவிழாவில், ஒவ்வொரு குடும்பமும் ஓர் அணியாக நின்று ஆடும். போபண்ணாவும் சிறுவனாக ஆக்கி, கால்பந்து ஆகியவற்றில் விருப்பம் கொண்டிருந்தார். ஆனால், மகன் தனியாக ஆடும் விளையாட்டு ஒன்றைக் கற்க வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். அதனால் 11ஆம் வயதில் அவர் கையில் டென்னிஸ் மட்டை வந்தது. தனியாள் விளையாட்டு வேண்டும் என்று கொடுக்கப்பட்ட மட்டை, பின்னாளில் அவரை உலகின் தலைசிறந்த இணை ஆட்டக்காரராக ஆக்கியது வியப்புக்குரியது. நல்ல பயிற்சி வேண்டி இளமையிலேயே வீட்டைப் பிரிந்து புனே சென்றார். தொழிலுக்காக ஊரை விட்டு வந்த பெற்றோரின் பிள்ளைகள் நீங்கள். அப்பிரிவு எத்தகையது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

2002இல் டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக முதன்முதலில் ஆடினார். அடுத்த ஆண்டு தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். தொடக்கத்தில் ஒற்றையரே அவர் இலக்கு. அதில் அவர் அடைந்த உயர்ந்த தரநிலை 213, ஆண்டு 2007. உலகில் 213ஆம் இடம் என்பது சிறிய செய்தியன்று. ஆயினும், கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் ஒற்றையர் பிரிவில் 128 பேரே ஆடுவர். அவர்களுள் 104 பேர் தரநிலையால் நேராக நுழைபவர்கள். 213ஆம் இடத்தில் இருப்பவர், முதன்மைச் சுற்றுக்கு முன்பே தகுதிச் சுற்றுகளில் மூன்று முறை வெல்ல வேண்டும். பயணச் செலவும் தங்கும் செலவும் அவருடையவை. தோற்றால் கிடைக்கும் தொகையோ குறைவு. இந்நிலையில்தான் பலர் மட்டையைக் கீழே வைத்துவிடுகின்றனர். போபண்ணா இரட்டையர் ஆட்டத்தின் பக்கம் திரும்பினார். வலிமை மிக்க சர்வீஸ் அவருடைய படைக்கலம். அது இரட்டையருக்கு மிகவும் பொருந்தியது. 2008இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், அமெரிக்கரான எரிக் புட்டோராக்குடன் இணைந்து தம் முதல் ஏடிபி பட்டத்தை வென்றார்.

2010ஆம் ஆண்டு அவருக்குப் புகழ் தந்தது. அவ்வாண்டில் அவருடன் இணைந்து ஆடியவர் பாகிஸ்தான் வீரர் ஐசாம் உல் ஹக் குரேஷி. போரை நிறுத்துங்கள், டென்னிஸைத் தொடங்குங்கள் என்னும் பொருள்படும் வாசகத்தை இருவரும் முன்வைத்தனர். இவ்விணை அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டம் வரை முன்னேறியது. ஐக்கிய நாடுகள் அவையில் இருந்த இந்திய, பாகிஸ்தான் தூதர்கள் இருவரும் அரங்கில் வந்து அமர்ந்து அவ்வாட்டத்தைக் கண்டனர். எதிரே நின்றவர்கள் அமெரிக்காவின் பாப் பிரையன், மைக் பிரையன் என்னும் இரட்டைச் சகோதரர்கள். ஒருவர் இடக்கையர், மற்றவர் வலக்கையர். இணைந்து 16 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றவர்கள். இரண்டு செட்டுகளும் 6–6 வரை சென்று, சமன்முறியில் பிரையன் சகோதரர் பக்கம் சாய்ந்தன. நூலிழையில் நழுவிய அப்பட்டத்துக்காக அவர் காத்திருந்த காலம் எவ்வளவு என்பதைப் பின்னர்க் காண்போம்.

அந்தத் தோல்விக்குப் பின் ஒரு வாரம் கழித்து அவர் சென்னையில் இருந்தார். நுங்கம்பாக்கம் அரங்கில் பிரேசில் நாட்டுக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டம். முதல் நாள் ஒற்றையர் இரண்டிலும் இந்தியா தோற்றது. தோற்றவருள் போபண்ணாவும் ஒருவர். மறுநாள் லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி இணை வென்றது. மூன்றாம் நாள், சென்னை வெயிலைத் தாங்க இயலாமல் பிரேசிலின் பெலூச்சி ஆட்டத்திலிருந்து விலக, சோம்தேவ் வென்றார். இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில், இறுதி ஆட்டத்துக்கு ஒற்றையராக இறங்கியவர் போபண்ணா. ரிக்கார்டோ மெல்லோவை நேர்செட்டுகளில் வீழ்த்தினார். இரட்டையர் ஆட்டக்காரருக்குத் தனியே நின்று வெல்லத் தெரியாது என்போருக்கு நான் காட்டும் சான்று இதுவே.

இங்கே இலக்கணம் ஒன்றை நினைவுகூர்தல் தகும். 'சலசல' என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது. 'வாழ்க வாழ்க' என்பது அடுக்குத்தொடர். பிரித்தாலும் ஒவ்வொரு சொல்லும் பொருள் தரும். பிரையன் சகோதரர்களை இரட்டைக்கிளவிக்கு ஒப்பிடலாம். அவர்களைப் பிரித்து எண்ண நமக்குத் தோன்றுவதில்லை. போபண்ணாவோ அடுக்குத்தொடர். குரேஷி, பூபதி எனத் தொடங்கி எத்தனையோ பேருடன் அவர் இணைந்தும் பிரிந்தும் ஆடினார். தரநிலையும் இணைக்கு அன்று, ஆளுக்கு ஆள் தனியே கணக்கிடப்படுகிறது. இணை வென்றால் இருவருக்கும் முழுப் புள்ளிகள் சேரும். ஆகவே, இணை பிரிந்தாலும் புள்ளிகள் அவரவருடன் செல்லும்.

இணை என்பது ஆணையால் அமைவதன்று என்பதையும் அவர் வாழ்வு காட்டுகிறது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பயஸுடன் ஆட அவர் உடன்படவில்லை. பெரும் சர்ச்சை எழுந்தது. இறுதியில் பூபதியுடன் ஆடி, இரண்டாம் சுற்றில் தோற்றார். 2016 ரியோவில் பயஸுடனேயே இறங்கினார், முதற்சுற்றிலேயே தோல்வி. அங்கே சானியா மிர்சாவுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலத்துக்கான ஆட்டம் வரை சென்று, நான்காம் இடத்தோடு திரும்பினார். ஒலிம்பிக் பதக்கம் கடைசிவரை அவருக்குக் கிட்டவேயில்லை. யார் பக்கம் நியாயம் என்பதை நாளிதழ்கள் அன்று நெடிது வாதிட்டன. நமக்கு அது வேண்டா.

2013இல் இரட்டையர் தரநிலையில் மூன்றாம் இடத்தைத் தொட்டார். 2017இல் கனடாவின் கபிரியேலா டப்ரோவ்ஸ்கியுடன் பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். தோல்வியின் விளிம்பில் இரண்டு புள்ளிகளைக் காத்து, 12–10 என முடிந்த ஆட்டம் அது. பயஸ், பூபதி, சானியா ஆகியோருக்குப் பின் கிராண்ட் ஸ்லாம் வென்ற நான்காம் இந்தியர் ஆனார்.

அதன்பின் முழங்கால்கள் தளர்ந்தன. குருத்தெலும்பு தேய்ந்து, ஒவ்வோர் ஆட்டமும் வலியோடு முடிந்தது. 2021இல் ஐந்து மாதங்கள் ஓர் ஆட்டத்திலும் வெற்றி இல்லை. ஆட்டத்தை நிறுத்திவிடப் போவதாக மனைவிக்குக் காணொளிச் செய்தி அனுப்பியதாக அவரே பின்னர் மேடையில் கூறினார். அவரை நிறுத்தாமல் காத்தவற்றுள் ஐயங்கார் யோகப் பயிற்சி முதன்மையானது. கால் தசைகள் வலுப்பெற, முழங்காலின் சுமை குறைந்தது. அம்முறையை வகுத்த பி.கே.எஸ். ஐயங்கார் பிறந்த பெள்ளூர், நம் கோலார் மாவட்டத்துச் சிற்றூரே. நம் பங்காருபேட்டையும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. இச்செய்தியை வகுப்பில் சொன்னால் நீங்கள் நம்ப மறுப்பீர்கள் என்று எண்ணி, நிலப்படத்தையும் கொண்டுவர எண்ணியுள்ளேன்.

2022 பிரெஞ்சு ஓப்பனில், நெதர்லாந்தின் மிடில்கூப்புடன் அரையிறுதி வரை சென்றார். அங்கே அவரை வென்ற இணையில் ஒருவர் ஜீன் ஜூலியன் ரோஜர். 40ஆம் வயதில் அப்பட்டத்தை வென்று, ஓப்பன் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஆடவர் இரட்டையரின் மிக மூத்த வெற்றியாளர் என்னும் பெருமை பெற்றார். 2023இல் போபண்ணாவுக்கு ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டன் இணையானார். அவ்வாண்டு மார்ச்சில் இந்தியன் வெல்ஸ் பட்டம். செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டம். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே அரங்கில் மீண்டும் தோல்வி.

2024 ஜனவரியில் மெல்போர்ன். காலிறுதியில் வென்றதும் உலகின் முதல் தரநிலை உறுதியாயிற்று. அவ்விடத்தை முதன்முறையாக அடைந்தவருள் அவரே மிக மூத்தவர். ஜனவரி 27 அன்று இத்தாலியின் பொலெல்லி, வாவசோரி இணையுடன் இறுதியாட்டம். முதல் செட் 6–6 ஆனது. 2010இல் சமன்முறியில் இரு செட்டுகளை இழந்தவர், இம்முறை துணைவருடன் சேர்ந்து எதிரணிக்கு ஒரு புள்ளியும் தராமல் 7–0 எனச் சமன்முறியை வென்றார். இரண்டாம் செட் 7–5. கிராண்ட் ஸ்லாம் ஆடவர் இரட்டையரில் அவர் களமிறங்கியது அது 61ஆம் முறை. ரோஜரின் பெருமை இப்போது போபண்ணாவுடையதாயிற்று. தமக்கு வயது 43 அன்று, 43ஆம் படிநிலையில் இருப்பதாகவே கொள்ளுங்கள் என்று நகைத்துக்கொண்டே கூறினார். அவ்வாண்டே பத்மஸ்ரீ விருது பெற்றார்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்குத் துணையாக நின்றவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஸ்ரீராம் பாலாஜி. பிரான்சின் மான்ஃபில்ஸ், ரோஜர்-வாசெலின் இணையிடம் முதற்சுற்றிலேயே தோற்று, இந்தியாவுக்காக ஆடுவதை அத்துடன் நிறைவு செய்தார். 2025 நவம்பர் 1 அன்று தொழில்முறை ஆட்டத்திலிருந்தும் விடைபெற்றார். அவர் வென்ற ஏடிபி இரட்டையர் பட்டங்கள் 26.

சொற்பொருள்
சமன்முறி – இரு பக்கமும் 6–6 என நிற்கும்போது செட்டை முடிவு செய்யும் ஆட்டம்
நேர்செட்டு – ஒரு செட்டும் இழவாது வெல்லுதல்
படைக்கலம் – ஆயுதம்
விளிம்பு – ஓரம்

பயிற்சி
1. நடுவே வரும் பந்து யாருடையது என்னும் வினா ஏன் கடினமானது? உங்கள் சொற்களில் எழுதுக.
2. ஒற்றையரில் 213ஆம் இடத்தில் இருந்த ஒருவர் சந்தித்த இடர்கள் யாவை?
3. போபண்ணாவை அடுக்குத்தொடருக்கு ஒப்பிட்டது பொருத்தமா? பொருந்தாது எனக் கருதினால் காரணம் காட்டுக.
4. இரட்டைக்கிளவிகள் ஐந்தினை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதி, ஒவ்வொன்றையும் தொடரில் அமைக்க.
5. இருவர் இணைந்தால் மட்டுமே செய்யத்தக்க தொழில் ஒன்றைப் பங்காருபேட்டையிலோ தங்கவயலிலோ கண்டு, அதில் யார் தொடங்குகிறார், யார் முடிக்கிறார் என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.