பிழையைப் படித்த பேராசிரியை



நாள்தோறும் நாம் படிக்கிறோம், எழுதுகிறோம். ஆனால் “படிப்பது என்றால் உள்ளத்தில் என்ன நடக்கிறது?” என்று யாராவது கேட்டால் விடை சொல்லத் திணறுவோம். இந்த ஒரு கேள்விக்காகத் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டார் ஒரு பெண்மணி. நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த மேரி கிளே என்பவரே அவர்.

ஆசிரியை ஆராய்ச்சியாளரானார்

மேரி கிளே 1926-ஆம் ஆண்டு வெலிங்டன் நகரில் பிறந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்று, கற்பதில் பின்தங்கிய சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் புல்பிரைட் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் பயின்றார். 1960-இல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார். 1966-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1975-இல் பேராசிரியை ஆனார். அப்பல்கலைக்கழகத்தில் அந்தப் பதவியை அடைந்த முதல் பெண் அவரே.

வகுப்பறையிலிருந்து அவர் கொண்டு சென்ற வினா எளியது. ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியையிடம் கற்கும் குழந்தைகளில் சிலர் விரைவில் படிக்கத் தொடங்குகின்றனர், சிலர் தடுமாறுகின்றனர். தடுமாற்றம் எங்கே தொடங்குகிறது? குழந்தை மந்தம் என்று முத்திரை குத்திவிட்டால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும். குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

நூறு குழந்தைகள், ஓர் ஆண்டு

நியூசிலாந்தில் ஐந்து வயது நிறைந்ததும் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வது வழக்கம். அவ்வாறு ஆக்லாந்து பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்த நூறு குழந்தைகளை அவர் தேர்ந்துகொண்டார். வாரந்தோறும் ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் அமர்ந்து, அது படிப்பதையும் எழுதுவதையும் ஓராண்டு முழுவதும் குறித்து வந்தார்.

அவர் கையாண்ட முறைக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். குழந்தை ஒரு சொல்லைச் சரியாகப் படித்தால் ஒரு சரிக்குறி. தவறாகப் படித்தால், குழந்தை சொன்ன சொல்லை மேலேயும் புத்தகத்தில் உள்ள சொல்லைக் கீழேயும் எழுத வேண்டும். தானே திருத்திக்கொண்டால் அதற்குத் தனிக் குறி. இடையில் ஆசிரியை குறுக்கிடக் கூடாது.

நம் மொழியிலேயே ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். புத்தகத்தில் “அம்மா வீட்டுக்கு வந்தாள்” என்று இருக்கிறது. ஒரு குழந்தை “அம்மா வீட்டுக்குப் போனாள்” என்று படிக்கிறது. பொருள் பொருந்துகிறது, இலக்கணமும் பொருந்துகிறது, ஆனால் எழுத்தைக் கண் பார்க்கவில்லை. மற்றொரு குழந்தை “அம்மா வீட்டுக்கு வந்தான்” என்று படிக்கிறது. எழுத்தைப் பெரும்பாலும் பார்த்துவிட்டது. வாக்கியத்தைக் காது கேட்கவில்லை. இரண்டும் தவறுதான். ஆயினும் இரண்டும் ஒரே தவறு அல்ல. இரண்டுக்கும் ஒரே மருந்தும் ஆகாது.

மூன்றாவது குழந்தை “வந்தான்...” என்று தொடங்கி, சற்று நின்று, “இல்லை, வந்தாள்” என்கிறது. இந்த நிறுத்தத்தையே மேரி கிளே பெரிதும் மதித்தார். நன்றாகப் படித்த குழந்தைகள் தங்கள் பிழைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றைத் தாங்களே திருத்திக்கொண்டனர். மிகவும் பின்தங்கியவர்களோ இருபதில் ஒன்றைத்தான் திருத்தினர் என்று அவர் கண்டார்.

கிறுக்கலும் எழுத்தே

எழுதுவதையும் அவர் இதே கண்ணோடு ஆராய்ந்தார். 1975-இல் வெளியான தம் நூலில், சின்னஞ்சிறு குழந்தைகளின் கிறுக்கல்களை வரிசைப்படுத்திக் காட்டினார். ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப இழுப்பதும், இடமிருந்து வலமாகச் செல்லப் பழகுவதும், தெரிந்த சில எழுத்துகளை மாற்றி அடுக்கிப் புதிய சொல் ஆக்க முயல்வதும் எழுத்தின் படிகளே என்றார்.

குழந்தை அச்சிட்ட பக்கத்தைப் பற்றி என்ன அறிந்திருக்கிறது என்று காண, சிறு புத்தகங்களையும் அமைத்தார். அவற்றில் சில பக்கங்கள் வேண்டுமென்றே தலைகீழாகவோ, எழுத்துகள் இடம் மாறியோ அச்சிடப்பட்டிருக்கும். “எங்கிருந்து படிக்க வேண்டும்? அடுத்து எங்கே போக வேண்டும்?” என்று கேட்பார்கள். பெரியவர்களுக்கு இயல்பாய்த் தோன்றும் இவையெல்லாம் குழந்தை கற்றாக வேண்டிய பாடங்கள்.

கைதூக்கிவிடும் திட்டம்

முதல் ஆண்டில் பின்தங்கியவர் பிறகும் பின்தங்கியே நிற்பதைக் கண்ட மேரி கிளே, 1970-களின் பிற்பகுதியில் ஒரு மீட்புத் திட்டத்தை வகுத்தார். ஆறு வயதுக் குழந்தை ஒன்றுக்கு ஓர் ஆசிரியை. நாள்தோறும் அரைமணி நேரம். ஏறக்குறைய பன்னிரண்டு முதல் இருபது வாரம். ஓர் ஆசிரியை பாடம் நடத்த, பயிற்சி பெறும் மற்றவர்கள் ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னிருந்து பார்த்து விவாதிப்பார்கள். இத்திட்டம் நியூசிலாந்து முழுவதும் பரவி, 1984-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்கும், பின்னர் வேறு நாடுகளுக்கும் சென்றது. 1987-இல் அவருக்கு ‘டேம்’ என்னும் உயரிய விருது வழங்கப்பட்டது. 2007-இல் அவர் மறைந்தார்.

ஆராய்ச்சி ஓய்வதில்லை

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. படமும் பொருளும் கொண்டு சொல்லை ஊகிக்கக் குழந்தைக்கு இம்முறை அதிக இடம் தருகிறது என்றும், எழுத்துகளின் ஒலிகளை முறையாகக் கற்பிப்பதே அடித்தளம் என்றும் அறிஞர் பலர் வாதிட்டனர். தேர்ந்த வாசகரின் கண் பெரும்பாலான சொற்களை விடாமல் தொட்டுச் செல்வதைக் கண்ணசைவு ஆய்வுகள் காட்டின. மீட்புத் திட்டத்தில் பயின்ற குழந்தைகள், தொடக்கத்தில் முன்னேறினாலும், மூன்றாம் நான்காம் வகுப்பில் பிறரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றதாக 2022-இல் ஓர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. 2024-இல் நியூசிலாந்து அரசே இத்திட்டத்துக்கு நிதி அளிப்பதை நிறுத்த முடிவு செய்தது.

அப்படியானால் அவருடைய உழைப்பு வீணா? இல்லை. ‘பார், குறித்துக்கொள், பிறகு முடிவு செய்’ என்பதே அவர் கற்பித்த பாடம். அவருடைய முறையைப் பிறர் சோதித்ததும் அதே பாடத்தின்படிதான். மருந்து மாறலாம், நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் மாறக் கூடாது.

மாணவியரே! உங்களில் பலர் நாளை ஆசிரியைகளாகவும் அன்னையராகவும் ஆவீர்கள். இன்றே வீட்டில் தம்பியோ தங்கையோ உங்கள் அருகில் அமர்ந்து புத்தகத்தை விரிக்கக்கூடும். பிள்ளை தடுமாறும்போது உடனே சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். தலையில் குட்டவும் வேண்டாம். ஐந்து விநாடி பொறுங்கள். பிள்ளை திருத்திக்கொண்டால் பாராட்டுங்கள். திருத்தாவிட்டால், எந்த எழுத்தில் கண் தவறியது என்று காட்டிக் கொடுங்கள். அந்த ஐந்து விநாடிப் பொறுமையில்தான் கற்பித்தல் என்னும் கலை தொடங்குகிறது.