கடல்நீர் மீன் தொட்டிக்கு ஏற்ற வடிகட்டி ஊடகம்

கடல் அலங்கார மீன் வளர்ப்பு, குறைந்த இடத்தில் வருவாய் தரவல்ல தொழிலாகும். 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அலங்கார மீன் வளர்ப்பு அலகுகளும் இடம்பெற்றன. இதற்கான மதிப்பீடுகளில் தொட்டிக்கும் மின்பம்புக்கும் அளிக்கப்படும் கவனம் வடிகட்டி ஊடகத்திற்குக் கிட்டுவதில்லை. ஆயினும், மீன்கள் பிழைப்பது பெரிதும் அதனையே சார்ந்துள்ளது.

நஞ்சு நீங்கும் முறை

மீன்கள் செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. கடல்நீரின் காரத்தன்மையில் அதன் நச்சு மிகுதியாகும். ஊடகத்தின் மீது ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மற்றொரு வகை அதனை, நச்சு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றுவதற்குச் சுமார் 4.6 கிராம் ஆக்ஸிஜன் தேவைப்படும். காரத்தன்மையும் செலவாகும். எனவே நீரோட்டம் தடைப்படாத ஊடகமே பயன் தரும்.

பரப்பே அளவுகோல்

ஊடகத்தின் எடையையோ விலையையோ மட்டும் கொண்டு முடிவு செய்வது தவறாகும். நுண்ணுயிர்கள் வாழும் பரப்பே உண்மையான அளவுகோல். நாளொன்றுக்கு 35 சதவீதப் புரதமுள்ள 100 கிராம் தீவனம் இடும் சிறிய அலகை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து ஏறத்தாழ 3.2 கிராம் அம்மோனியா நைட்ரஜன் உண்டாகும். ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளொன்றுக்கு 0.2 கிராமை மாற்றும் எனக் கொண்டால், 16 சதுர மீட்டர் பரப்பு தேவை. கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பரப்புள்ள பிளாஸ்டிக் உருளைகளாயின் 32 லிட்டர் போதும். 25 மில்லிமீட்டர் கூழாங்கற்களாயின் சுமார் 115 லிட்டர் வேண்டும்.

மணலுக்குப் பரப்பு மிகுதி. ஆனால் கழிவு படிந்து விரைவில் அடைபடும். கூழாங்கல் மலிவானது, எனினும் பெரிய தொட்டியும் கடினமான துப்புரவும் தேவை. பிளாஸ்டிக் உருளைகளுக்குத் தொடக்கச் செலவு கூடுதல். ஆனால் காற்றோட்டத்தில் அவை சுழன்று தம்மைத் தாமே தூய்மை செய்துகொள்வதால் பராமரிப்புச் செலவு குறையும்.

பவளக்கல்லின் உண்மை விலை

பவளக்கல் துண்டுகளை ஊடகமாக இடும் வழக்கமும் உண்டு. கடற்கரையில் இலவசமாகக் கிடைப்பதாகத் தோன்றினும், அதன் சமூகச் செலவு பெரிது. பாறை அமைக்கும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். மேலும் கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் ஆகிய பகுதிகளில் மீன் வளத்திற்கு இப்பாறைகளே உறைவிடம். நீரின் காரத்தன்மையைக் காக்கச் சோடியம் பைகார்பனேட்டே போதுமானது.

எந்த ஊடகமாயினும், நுண்ணுயிர்கள் பெருகப் பல வாரங்கள் ஆகும். கடல்நீரில் இக்காலம் நன்னீரைவிட நீளும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளவிட முடியாத நிலைக்குக் குறைந்த பின்னரே மீன்களைச் சிறிது சிறிதாக விடவேண்டும். கடன் தவணை தொடங்கும் நாளை நிர்ணயிப்போர் இவ்விடைவெளியையும் கணக்கில் கொள்வது அவசியம். இன்றேல், முதல் ஈட்டு மீன்கள் மடிந்து, கடன் மட்டும் எஞ்சும்.