கட்டுமானக் கம்பெனியின் வாட்ஸ்அப்பும் நம் கடைப் பேரேடும்



மளிகை வியாபாரிகள் அதிகமாக உள்ள நம் சங்கத்தின் இதழில் கட்டுமானக் கம்பெனிகளைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. நான் சிமெண்ட், கம்பி மொத்த வியாபாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். எங்கள் தொழிலில் சரக்கு போவது ஒரு நாள். பணம் வருவது இரண்டு மாதமோ மூன்று மாதமோ கழித்து. அந்த இடைவெளியில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாக்கி வசூலாகிறது, அல்லது நின்றுபோகிறது. முன்பு அந்தப் பேச்சு கடைத் திண்ணையில் நடந்தது. இன்று வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் நடக்கிறது. கடன் கொடுத்து வியாபாரம் செய்கிற எவருக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.

விளம்பரத்தை முதலில் பார்த்துவிடுவோம். பேஸ்புக்கில் ஒரு படம் போட்டு "அடுக்குமாடி வீடுகள் விற்பனைக்கு" என்று எழுதுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆனால் அதுவும் சட்டத்தின் கண்ணில் விளம்பரமே. 2016ஆம் ஆண்டு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, நிலம் 500 சதுர மீட்டருக்கு (சுமார் 5,380 சதுர அடி) மேற்பட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்பட்டாலோ, ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. பதிவு செய்த பிறகு வரும் விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். விளம்பரத்தில் நீச்சல் குளம், பூங்கா என்று பொய்யாகச் சொல்லி, அதை நம்பி ஒருவர் முன்பணம் கட்டி நஷ்டப்பட்டால் நிறுவனம் ஈடு கொடுக்க வேண்டும். அவர் விலகிக்கொள்ள விரும்பினால் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

இங்கே நம் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. மனை விற்கும் நண்பருக்காக அவருடைய விளம்பரத்தைத் தம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் கடைக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட திட்டத்தில் விற்பனைக்கு இடையில் நிற்பவரும் முகவராகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது அதே சட்டம். பதிவு இல்லாமல் செய்தால், செய்கிற ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. உப்பு, புளி விற்கிற கல்லாவில் உட்கார்ந்து இந்த வம்பை இழுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

விளம்பரம் எவ்வளவு பகட்டாக இருந்தாலும் நான் அதைப் பார்த்துக் கடன் கொடுப்பதில்லை. புதிதாகக் கணக்கு கேட்டு வருகிற கட்டுமானக் கம்பெனிக்காரரிடம், "வீட்டுக்காரருக்கு என்ன செய்தி அனுப்புகிறீர்கள்? கொஞ்சம் காட்டுங்கள்" என்றுதான் கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் செல்போனை எடுத்து நீட்டுவார்கள். நீட்டுகிறவரிடம் பாதி நம்பிக்கை அப்போதே வந்துவிடும்.

நல்ல கம்பெனி, வேலை ஆரம்பிக்கும்போதே வீட்டுக்காரர், இன்ஜினியர், மேஸ்திரி மூவரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடுகிறது. அதில் பிறகு மூடி மறைந்துபோகும் வேலைகளைப் படம் எடுத்துப் போடுகிறது. காங்கிரீட் போட்டபின் உள்ளே 12 எம்.எம். கம்பி கிடக்கிறதா, 10 எம்.எம். கிடக்கிறதா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. கம்பிக்கும் காங்கிரீட்டின் வெளிப்புறத்துக்கும் அஸ்திவாரத்தில் 50 மில்லிமீட்டர், தூணில் 40 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநிலை சொல்கிறது. அந்த இடைவெளிக்கு வைக்கும் சின்னக் கட்டைகளை, டேப் பிடித்து அளவு தெரிகிற மாதிரி, தேதியோடு படம் எடுத்து அனுப்பினால் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். தண்ணீர் கட்டுவதும் அப்படித்தான். சாதாரண சிமெண்ட் காங்கிரீட்டுக்கும் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். கடும் வெயில் அடிக்கும் இடத்தில் 10 நாள். சாம்பல் கலந்த சிமெண்டாக இருந்தால் இன்னும் கூடுதல். தினம் ஒரு படம் என்றால் மேஸ்திரியும் ஏமாற்ற மாட்டார். கட்டி முடித்த வீட்டுக்குப் பூமாலை போட்டு எடுத்த படத்தைவிட இந்தப் படங்களுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

சண்டை வருவது பெரும்பாலும் தரத்தால் அல்ல, கூடுதல் வேலையால். எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். அவருடைய மாமனார் தினமும் வேலை நடக்கிற இடத்துக்கு வந்து, "போர்டிகோவை நாலு அடி நீட்டுங்கள், தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், இந்த அறைக்கு ஒரு பரண் வையுங்கள்" என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒப்பந்தக்காரரும் "சரிங்க ஐயா" என்று செய்துகொண்டே போனார். கடைசியில் கூடுதல் வேலைக்கு 3,40,000 ரூபாய் பில் போட்டார். "நான் சொல்லவே இல்லையே" என்றார் வீட்டுக்காரர். "நான் ஆலோசனைதான் சொன்னேன்" என்றார் மாமனார். கடைசித் தவணை நின்றது. ஒப்பந்தக்காரரின் கை முடங்கியது. எனக்கு வர வேண்டிய 1,85,000 ரூபாயும் பதினோரு மாதம் அதோடு சேர்ந்து நின்றது. டைல்ஸ் கடை, மின்சாமான் கடை, வேலையாட்களுக்குச் சோறு போட்ட மெஸ் வரைக்கும் பாக்கி. அந்த மெஸ்ஸுக்கு அரிசி, பருப்பு கொடுத்த மளிகைக் கடைக்காரர் நம் சங்கத்து உறுப்பினர்தான். வீட்டுக்காரரும் ஒப்பந்தக்காரரும் பேசிக்கொண்டது எழுத்தில் இல்லாததால் மளிகைக் கடை வரை இடி விழுந்தது.

அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரே ஒரு செய்தி. "போர்டிகோ 4 அடி நீட்டம். கூடுதல் செலவு இவ்வளவு. வேலை 6 நாள் தள்ளும். சம்மதமா?" என்று பணம் கொடுப்பவருக்கே கேள்வி போய், அவரிடமிருந்து "சம்மதம்" என்று பதில் வந்த பிறகு கரணையைக் கையில் எடுக்க வேண்டும். மேஸ்திரிக்கு எழுத வராது, அவர் வாய்ஸ் மெசேஜ்தான் போடுவார் என்றால் போடட்டும். ஆபீஸில் இருப்பவர் அதைக் கேட்டு எழுத்தில் திருப்பிப் போட்டு, "இதுதானே?" என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சரக்கு ஆர்டரில் இதைவிட மோசம். "நாளைக் காலை ஒரு லோடு எம்.சாண்ட்" என்று செய்தி வரும். லோடு என்றால் எவ்வளவு? லாரிக்கு லாரி மாறும். யூனிட் என்று எழுதினால் 100 கன அடி என்று எல்லோருக்கும் தெரியும். "12 எம்.எம். 50" என்று வரும். 50 கம்பியா, 50 கட்டா? கம்பியின் கனத்துக்குத் தக்கபடி கட்டில் இருக்கும் எண்ணிக்கையே வேறு. 12 எம்.எம். கம்பி ஒரு மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஏறக்குறைய 10.66 கிலோ, 50 கம்பி என்றால் 533 கிலோ. எடையைத் திருப்பி எழுதி அனுப்பிவிட்டால் இறக்கும் இடத்தில் தகராறு இல்லை. நம் மளிகையிலும் இதுதான் கதை. 2022 ஜூலையில் 25 கிலோ வரை அடைத்து விற்கும் அரிசிக்கு 5 சதவீத வரி வந்ததும் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. "பத்து மூட்டை அனுப்பு" என்றால் எந்த மூட்டை?

சரக்கின் பெயர், கம்பெனி, அளவு, விலை வரியோடா வரி நீங்கலாகவா, வண்டி வாடகை, இறக்கு கூலி யாருடையது, இந்த விலை எந்தத் தேதி வரை, பணம் எந்தத் தேதியில் என்பவற்றை எங்கள் கடையில் ஒரே செய்தியில் எழுதுகிறோம். ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டால் எண்களை மாற்றி அனுப்ப அரை நிமிடம் போதும். விலையை வரியோடு கலக்காமல் பிரித்து எழுதுவதன் அருமை 2025 செப்டம்பர் 22 அன்று தெரிந்தது. அன்று சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி நீங்கலாக 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முன்பு 384 ரூபாய், பிறகு 354 ரூபாய். பிரித்து எழுதியிருந்தவர்களுக்கு மூட்டைக்கு 30 ரூபாய் குறைந்தது கண்ணெதிரே தெரிந்தது. மொத்தமாக எழுதியிருந்தவர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் போனில் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வாட்ஸ்அப் செய்தியெல்லாம் கோர்ட்டில் நிற்குமா?" என்று கேட்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கிறது. அதற்குரிய சான்றிதழ் ஒன்றைச் சேர்த்துத் தர வேண்டும். பழைய சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. ஆகவே பெரிய பாக்கி நிற்கும்போது செல்போனை மாற்றுவது, பழைய செய்திகளை அழிப்பது கூடாது. செய்தி தானாக மறையும் வசதி அதில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சில பேர் நமக்குத் தெரியாமல் போட்டுவிடுகிறார்கள். போட்டால் உரையாடலின் நடுவில் அறிவிப்பு ஒன்று வரும், அதைக் கவனிக்காமல் விடக் கூடாது.

கனடா நாட்டில் சாஸ்காட்சுவான் மாகாணத்தில் நடந்த வழக்கு ஒன்று தானிய வியாபாரிகளுக்குச் சுவாரசியமானது. 2021இல் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று 87 டன் ஆளி விதைக்கு ஒப்பந்தத்தைப் படம் எடுத்து விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யச் சொன்னது. அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டும் பொம்மையைப் பதிலாக அனுப்பினார். சரக்கு வரவில்லை, விலை ஏறியிருந்தது. "பார்த்தேன் என்றுதான் அனுப்பினேன், சம்மதம் என்று அல்ல" என்றார். நீதிமன்றம் 2023இல் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு, 82,000 டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டிலும் 2024இல் அதுவே உறுதியானது. அவர்கள் இருவரும் முன்பும் இப்படிச் சுருக்கமான பதில்களிலேயே ஒப்பந்தம் முடித்துச் சரக்கும் கொடுத்து வாங்கியிருந்தார்கள் என்பது தீர்ப்பில் முக்கியமான காரணம். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. என்றாலும், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையன் வருகிற செய்திக்கெல்லாம் கட்டை விரலைத் தட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் கண்டித்து வையுங்கள்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். பெரிய சிமெண்ட் கம்பெனியின் சின்னத்தைப் போட்டுக்கொண்டு, "500 மூட்டை எடுத்தால் விலை குறைவு, முன்பணம் இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று செய்தி வருகிறது. சில சமயம் நாம் வழக்கமாக வாங்கும் இடத்தின் பெயரிலேயே, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வரும். அந்தச் செய்தியில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்பதில் பயன் இல்லை. எடுப்பவனும் அதே ஆள்தான். நம் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிற எண்ணுக்குப் போன் செய்து, தெரிந்த குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும். எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் சரி. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் வங்கியில் அதை நிறுத்தி வைக்க முடியும். அந்த எண்ணைக் கல்லாப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறோம். கடைப் பையன்களுக்கும் மனப்பாடம்.