முட்டுச் சாலைகளின் அமைதி: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரச் சைக்கிள் பயண வழிகாட்டி

மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நிற்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் சைக்கிள் பயணத்துக்கு அமைதியான சாலையைத் தேடுபவர் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது, இங்கே மலையேறும் சாலை என்று ஒன்று இல்லை என்பதாகும். தெற்கே செங்கோட்டைப் பகுதிக் கணவாய்களுக்கும் வடக்கே கம்பம் பள்ளத்தாக்குக்கும் இடைப்பட்ட மலைத்தொடரைக் கடந்து கேரளத்துக்குச் செல்லும் வாகனப் பாதை எதுவும் கிடையாது. ஆகவே இவ்விரு ஊர்களிலிருந்து மேற்கே பிரியும் சாலை ஒவ்வொன்றும் ஓர் அணையிலோ, கோயிலிலோ, வனத்துறைச் சோதனைச் சாவடியிலோ சென்று முடிந்துவிடுகிறது. இவ்வாறு அப்பால் வழியின்றி நின்றுவிடும் சாலையை இக்கட்டுரை முட்டுச் சாலை என்று குறிக்கிறது. கடந்துபோக வழியில்லாத சாலைக்குச் சரக்கு லாரி வராது. இவ்வட்டாரத்தின் அமைதிக்குக் காரணம் அதுவே.

முதற்படி, வரைபடத்தைப் படிப்பது. திருமங்கலத்திலிருந்து கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744ஐ வரைபடத்தில் முதலில் குறித்துக்கொண்டு, கேரளச் சரக்குப் போக்குவரத்து முழுவதையும் சுமக்கும் அச்சாலையை, தவிர்க்க முடியாத சில கிலோமீட்டர்களைத் தவிர, திட்டத்திலிருந்து விலக்கிவிட வேண்டும். திருமங்கலம் முதல் ராஜபாளையம் வரையிலான நான்குவழிப் பாதைப் பணியால் குறுக்கே செல்லும் ஊர்ச்சாலைகளின் சந்திப்புகள் மாறிவருவதால், பழைய வரைபடத்தை மட்டும் நம்பாமல் உள்ளூரில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டியின் விசைத்தறிகளையும் ஆலங்குளத்தின் சிமென்ட் ஆலையையும் நோக்கிச் செல்லும் சாலைகளில் லாரி நடமாட்டம் உண்டு. நெடுஞ்சாலைக்கு மேற்கே இருக்கும் நிலப்பகுதியையே பயணி தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்நிலப்பகுதியின் அமைப்பை நீரோட்டம் வகுத்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் அடிவாரத்துக் கண்மாய்களை, அதாவது மண்கரை கட்டி மழைநீரைத் தேக்கும் பாசன ஏரிகளை, நிரப்புகின்றன. ஒரு கண்மாய் நிரம்பியதும் மிகைநீர் கலிங்கு எனப்படும் கல் வடிகாலின் வழியாக வழிந்து கீழுள்ள அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. இந்தத் தொடர் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், மலையை நோக்கிப் போகும் சாலை மெல்லிய ஏற்றமாகவும் ஊருக்குத் திரும்பும் சாலை மெல்லிய இறக்கமாகவும் அமைகின்றன. ஆனி முதல் ஆவணி வரை வீசும் மேல்காற்றும் போகும்போது எதிராகவும் வரும்போது துணையாகவும் இருக்கும். போகும் வழியில் களைப்பும் திரும்பும் வழியில் ஓய்வும் அமைவது புதிதாகச் சைக்கிள் மிதிப்பவருக்கு இவ்வட்டாரம் தரும் பெரும் சலுகை.

இரண்டாம் படி, பருவத்தையும் நேரத்தையும் முடிவுசெய்வது. இங்கே பெருமழையைத் தருவது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் அது பெய்து ஓய்ந்த பின், மார்கழி நடுவிலிருந்து மாசி வரையிலான காலத்தில் கண்மாய்கள் நிறைந்தும் வெயில் தணிந்தும் இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு மிதிப்பது அறிவுடைமை அன்று. விடியற்காலையில் புறப்படுபவருக்குச் சூரியன் முதுகுப்புறம் இருப்பதால் மலைமுகம் முழு வெளிச்சத்தில் தெரியும். திரும்பும்போது கண் கூசும் என்பதால் தொப்பியோ குளிர்கண்ணாடியோ தேவைப்படும். நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயில் சாலையிலும், ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் நகருக்குள்ளும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சதுரகிரி மலைக்கு ஏறும் தாணிப்பாறை சாலையிலும் அமைதியை எதிர்பார்க்க முடியாது. ஆடி அமாவாசையன்று, தாணிப்பாறைக்குப் போகும் வழியிலுள்ள வத்திராயிருப்புப் பக்கமே போகாதிருப்பது மேல்.

மூன்றாம் படி, வண்டியை ஆயத்தம் செய்வது. ஏற்றம் மென்மையானதால் கியர் இல்லாத சாதாரண சைக்கிளிலும் இப்பயணங்களைச் செய்யலாம். விலையுயர்ந்த வண்டி இங்கே கட்டாயமில்லை. கட்டாயமானது முள்ளுக்கான முன்னேற்பாடு. கண்மாய்க் கரைகளை மூடி நிற்கும் சீமைக்கருவேல மரங்களை விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டும்போது சிதறும் முட்கள் கரையோரச் சாலைகளில் கிடக்கும். மெல்லிய பந்தயச் சக்கரம் அவற்றைத் தாங்காது. முப்பத்திரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள டயர், மாற்று டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், காற்றடிக்கும் பம்பு ஆகியவை பையில் இருக்க வேண்டும். முள் குத்தியதும் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி, ஒடிந்து நிற்கும் நுனியை எடுத்த பிறகே புதிய டியூபை மாட்ட வேண்டும். இல்லையேல் அதே முள் அதையும் துளைத்துவிடும். அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காயப்போடப்பட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே விவசாயிக்கும் சக்கரத்துக்கும் நல்லது. வெளியூரிலிருந்து வருவோருக்குச் சென்னை–செங்கோட்டை பொதிகை விரைவு ரயில் இரு ஊர்களிலும் நிற்கிறது. நிற்கும் நேரம் குறைவு என்பதால் மடக்குச் சைக்கிள் இருப்பின் சிக்கல் குறையும்.

நான்காம் படி, பாதையைத் தேர்வது. பழகுவதற்கு ஏற்றது மம்சாபுரம் வழி. நெடுஞ்சாலையில் சென்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பதினொரு கிலோமீட்டர் அளவே தூரம். மேற்கே விலகி மம்சாபுரம் வழியாகச் சென்றால் சில கிலோமீட்டர் கூடும். அந்தக் கூடுதல் தூரத்துக்கு ஈடாக லாரியின் ஹாரன் இன்றித் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் கண்மாயும் கிடைக்கின்றன. இரு நகரங்களையும் இணைக்கும் இந்த ஒன்று மட்டுமே முட்டுச் சாலை அன்று. ஆகவே ஊர்ப் பேருந்துக்கு இடம்விட்டு ஓரமாகச் செல்ல வேண்டும்.

அடுத்தது ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு சாலை வழியாக அய்யனார் கோயிலுக்குச் செல்லும் பாதை. நகரின் குடிநீருக்கு ஆதாரமான ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இச்சாலையிலேயே இருக்கிறது; சாலையின் ஒருபுறம் மரநிழலும் எதிரே மலையும் இடைவிடாமல் உடன் வருகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குச் செல்வது இதற்கு இணையான பாதை; இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் செண்பகத்தோப்பையே தேர்ந்தெடுக்கலாம். காட்டின் விளிம்பில் உயர்ந்த புளிய, மா மரங்களில், அரிய சாம்பல் நிற மலை அணிலைக் காணும் வாய்ப்பு காலைப்பொழுதில் உண்டு. இந்த அணிலுக்காகவே 1988இல் இங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வண்டியை நிறுத்திப் பேச்சின்றிக் கிளைகளை நோக்கினால்தான் நீண்ட வாலாவது தென்படும்.

நீண்ட பாதையை விரும்புவோர் கிருஷ்ணன்கோவிலில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, வத்திராயிருப்பு, கூமாப்பட்டி வழியாகப் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் அடிவாரம் வரை செல்லலாம். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த இந்த வயல்வெளி, இக்கட்டுரை குறிப்பிடும் பாதைகளுள் மிகப் பசுமையானது. 2025இல் சமூக ஊடகக் காணொளிகளால் கூமாப்பட்டியின் பெயர் பரவிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் மிகுந்துவிட்டன; ஆதலால் வாரநாள் காலையே இதற்கு உரியது. தெற்கே சேத்தூரைக் கடந்து தேவதானத்திலிருந்து சாஸ்தா கோயில் அணைக்குச் செல்லும் பாதையும் அழகியதே. அங்கே சென்றடைய நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் மிதிக்க வேண்டியிருப்பதால், சைக்கிளைத் தேவதானம் வரை வேறு வண்டியில் கொண்டுசெல்ல முடிந்தவருக்கே அது பொருந்தும்.

இறுதிப் படி, திரும்பும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே வரையறுப்பது. இதில் அலட்சியம் உயிருக்கு உலை வைக்கும். 2021 முதல் இக்காடுகள் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகும். 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவது குற்றம். யானைகள் மாங்காய்க்கும் தென்னங்குருத்துக்கும் தோப்புகளுக்குள் இறங்குவது இங்கே வழக்கமான செய்தி; ஆகவே முழு வெளிச்சம் வந்த பிறகே அடிவாரத் தோப்புகளுக்குள் நுழைந்து, மாலை ஐந்து மணிக்கு முன் அவற்றை விட்டு வெளியேறிவிட வேண்டும். சாலையில் ஈரமான சாணமோ புதிதாக முறிந்த கிளையோ தென்பட்டால் அங்கேயே திரும்புவது முறை. தோப்புக் காவல் நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை இடையில் வைத்து நடந்தால் அது பெரும்பாலும் தன் எல்லையோடு நின்றுவிடும். (ராஜபாளையம் என்ற பெயரில் 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற வெள்ளை நாயைத் தோப்பில் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார், காவலுக்கு நிற்பது பெரும்பாலும் நாட்டு நாயே.)

காட்டாற்று வெள்ளம் இவ்விலங்குகளினும் கொடியது. சமவெளியில் வெயில் காயும்போதே மலையுச்சியில் பெய்த மழை ஓடையில் சில நிமிடங்களில் பெருக்கெடுத்து வரும். 2015 மே மாதம் சதுரகிரியில் இத்தகைய திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் பலர் உயிரிழந்தனர். மலைமேல் கருமேகம் கூடியிருக்கும் நாளில் தரைப்பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போகக் கூடாது. கலங்கிய நீர் பாலத்தின் மேல் ஓடத் தொடங்கிவிட்டால், கணுக்கால் அளவே ஆயினும், அது வடியும் வரை காத்திருக்க வேண்டும். அய்யனார் கோயிலுக்கும் அணைகளுக்கும் செல்லும் வழிகள் மழைக்காலத்தில் முன்னறிவிப்பின்றி மூடப்படுவதுண்டு. சோதனைச் சாவடியில் பணியாளர் வேண்டாம் என்றால், வாதிடாமல் சைக்கிளைத் திருப்பிக்கொள்ளுங்கள்.