எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு: பாகாலா பெற்றோருக்கான டிஸ்லெக்சியா வழிகாட்டி

பாகாலாவில் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு மூன்று மொழி. அம்மாவிடம் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளிப் புத்தகத்தில் ஆங்கிலம். அதனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை படிக்கத் திணறினால், “பாஷை குழப்பம், போகப் போகச் சரியாயிடும்” என்று சொல்லிவிடுகிறோம். பலருக்குச் சரியாகத்தான் ஆகிறது. சிலருக்கோ அந்தக் காத்திருப்பிலேயே மூன்று நான்கு வருடம் ஓடிவிடுகிறது. அதற்குள் “மக்கு”, “சோம்பேறி” என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. பாடம் சொல்லித்தருவதைவிட அந்தப் பெயரைத் துடைப்பது கஷ்டம்.

மொழி புதிது என்பதால் வரும் திணறல் எது, டிஸ்லெக்சியா எது என்று பிரித்தறிவதுதான் நம்மைப் போன்ற எல்லையோர ஊர்க்காரர்களின் முதல் வேலை. அதை எப்படிச் செய்வது, அதற்குப் பிறகு எங்கே போவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

டிஸ்லெக்சியா என்றால் என்ன?

எழுத்தையும் அதன் ஒலியையும் இணைப்பதில் ஏற்படும் சிரமம் அது. பிறவியிலேயே இருப்பது, பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வருவது. செல்லம் கொடுத்ததாலோ செல்போன் பார்த்ததாலோ வருவதில்லை. அறிவுக் குறைவும் இல்லை. பாட்டி சொன்ன கதையை ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லும் பிள்ளை, அதே கதையைப் புத்தகத்தில் பார்த்தால் முதல் வரியிலேயே நின்றுவிடும்.

கெட்டிக்காரனாக இருந்தும் படிக்க வராத ஒரு 14 வயதுச் சிறுவனைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் 1896-லேயே எழுதினார். இதற்கு மாத்திரை கிடையாது. கற்பிக்கும் முறையை மாற்றினால் படிப்பு வரும்.

படி 1: கவனியுங்கள், எழுதி வையுங்கள்

ஒரு நோட்டுப் போட்டு, இரண்டு மாதம் தேதியோடு குறித்து வாருங்கள். கவனிக்க வேண்டியவை:

- தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறுகின்றனவா? ‘கொக்கு’ என்ற சொல்லில் கொம்பை முதலில் எழுதிவிட்டு, பின்னால் வரும் காலை மறந்துவிடுகிறதா?
- தெலுங்கில் ப-வும் வ-வும் பார்க்க உடன்பிறப்பு போல இருக்கும். மற்ற பிள்ளைகள் தேறிய பிறகும் இந்தக் குழப்பம் நீடிக்கிறதா? எழுத்தின் கீழே தொங்கும் ஒத்து விட்டுப்போகிறதா?
- நேற்று படித்த சொல் இன்று புதுச்சொல்லாகத் தெரிகிறதா?
- படத்தைப் பார்த்து ஊகித்துப் படிக்கிறதா?
- படிக்கச் சொன்னால் வயிற்று வலி வருகிறதா?

பிறகு ஒரு விளையாட்டு. புத்தகம் வேண்டாம். வீட்டு மொழியிலேயே கேளுங்கள்: “கண்ணா, பாகாலான்னு சொல்லு. இப்போ நடுவுல இருக்கற ‘கா’வை எடுத்துட்டா என்ன வரும்?” ‘பாலா’ என்று சட்டென்று சொல்கிறதா? அல்லது ‘பாகா’, ‘காலா’ என்று தடுமாறுகிறதா? இப்படிப் பத்துச் சொல் கேட்டுப் பாருங்கள்.

மொழி புதிது என்பது மட்டுமே காரணமாக இருந்தால், தாய்மொழியில் இந்த விளையாட்டு பெரும்பாலும் எளிதாக வரும். நன்றாகப் பேசும் தமிழிலேயே ஒலிகளைப் பிரிக்க முடியாமல், தெலுங்கு, ஆங்கில வாசிப்பிலும் திணறினால், மேலே போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். முடிவு சொல்வது நிபுணரின் வேலை.

படி 2: கண்ணும் காதும்

முதலில் கண் பரிசோதனை, காது பரிசோதனை. கரும்பலகை மங்கலாகத் தெரிந்தாலும், அடிக்கடி காதில் சீழ் வந்து கேட்பது குறைந்தாலும் படிப்பு தடுமாறும். மதிப்பீட்டுக்குப் போகிற இடத்திலும் இந்த இரண்டு சீட்டுகளையும் கேட்பார்கள்.

படி 3: பள்ளியில் பேசுங்கள்

வாசலில் நின்று பேசாமல், நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். “என் பிள்ளைக்கு என்ன வரவில்லை?” என்பதோடு, “எது நன்றாக வருகிறது?” என்றும் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் மண்டலத்தில் உள்ள ‘பவிதா’ மையத்தைப் பற்றி விசாரியுங்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காக சமக்ர சிக்ஷா திட்டம் நடத்தும் மையம் அது. அங்கே அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் இருப்பார். ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தில் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். 2013-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கற்றல் குறைபாடும் அடங்கும்.

படி 4: மதிப்பீடு, எங்கே, எப்படி?

பாகாலா ஜங்ஷன் நமக்கு ஒரு வசதி. வடக்கே போனால் திருப்பதி, தெற்கே போனால் சித்தூர் வழியாகக் காட்பாடி. திருப்பதியில் அரசு ருயா மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்கலாம். காட்பாடியில் இறங்கினால் வேலூர் சி.எம்.சி. அங்கே குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். சென்னை வரை போக முடிந்தவர்களுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்த ஒன்றுக்காகவே இயங்கும் அமைப்பு அது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: நீங்கள் எழுதிய நோட்டு, பிள்ளையின் பழைய நோட்டுகள் (திருத்தாமல், அழிக்காமல்), மதிப்பெண் அட்டை, கண், காது சீட்டு, ஆதார் நகல்.

அங்கே ஊசி கிடையாது, ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது. உளவியலாளர் பிள்ளையோடு உட்கார்ந்து முதலில் அறிவுத்திறனைச் சோதிப்பார். பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு. ஒரே நாளில் முடியாமலும் போகலாம். காலையில் நன்றாகச் சாப்பிடவைத்து அழைத்துப் போங்கள். “பரீட்சை” என்று பயமுறுத்த வேண்டாம்.

நீங்கள் தவறாமல் சொல்ல வேண்டியது ஒன்று: பிள்ளை எந்த மொழியில் எழுதப் படிக்கக் கற்றது, எத்தனை வருடமாக. தமிழ் பேசுகிறது என்பதற்காகத் தமிழ் எழுத்தே கற்காத பிள்ளைக்குத் தமிழில் வாசிப்புச் சோதனை வைத்தால் முடிவு தப்பாகும். போன வருடம்தான் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தாலும் தப்பாகும்.

படி 5: அறிக்கையைப் படித்துக் கேளுங்கள்

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: பிள்ளைக்கு எதில் பலம்? எந்த ஒலியில், எந்த எழுத்தில் சிக்கல்? வீட்டிலும் பள்ளியிலும் நாளைக்கே என்ன செய்யலாம்?

படி 6: சான்றிதழும் சலுகையும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டு நெறிப்படி 8 வயது முடிந்த பிறகே சான்றிதழ் என்று இருந்தது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடும் இருந்தது. விண்ணப்பிக்கும்போது நடப்பு விதியை மருத்துவமனையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆந்திராவில் இந்தச் சான்றிதழுக்காகப் பரிசோதிக்கும் சதரம் முகாமுக்கு மீசேவா அல்லது கிராம, வார்டு சச்சிவாலயத்தில் பதிவு செய்யலாம்.

பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளியில் இரண்டு கட்டாய மொழிக்குப் பதில் ஒன்று போதும் என்ற சலுகையும் இருக்கிறது. மூன்று மொழிக்கு நடுவே தவிக்கும் நம் பிள்ளைக்கு இது பெரிய மூச்சு. பத்தாம் வகுப்பு வரட்டும் என்று இருந்துவிடாமல், ஒன்பதிலேயே தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

படி 7: வீட்டில் தினமும் அரைமணி

இதற்குச் சான்றிதழ் தேவையில்லை. இன்று மாலையே தொடங்கலாம்.

தாம்பாளத்தில் ரவையைப் பரப்புங்கள். பிள்ளை ஒரே ஒரு எழுத்தை விரலால் பெரிதாக எழுதி, எழுதும்போதே அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்லட்டும். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, விரல் உணர்கிறது. அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதி உரக்கச் சொன்ன அதே வழி. ஒரு எழுத்து உறுதியான பிறகே அடுத்தது. ஒரு நேரத்தில் ஒரு மொழி. எந்த மொழி முதலில் என்பதை உளவியலாளரிடமும் பள்ளியிலும் பேசி முடிவு செய்யுங்கள்.

பத்து நிமிடம் எழுத்து, பத்து நிமிடம் சொல், பத்து நிமிடம் நீங்கள் கதை படித்துக் காட்டுவது. கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் அறிவுப் பசி எழுத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். “உனக்கு எழுத்து கொஞ்சம் மெதுவா வரும். உன் மேல தப்பு இல்ல. அதுக்கு வேற வழி இருக்கு, நாம சேர்ந்து கத்துக்கலாம்.” பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன மாத நோட்டோடு ஒப்பிடுங்கள்.

படி ஒன்றில் போட்ட நோட்டை மூடிவிட வேண்டாம். ‘கொக்கு’ என்ற சொல்லைக் காலோடு சேர்த்துச் சரியாக எழுதிய நாளையும் அதில் தேதி போட்டு எழுதுங்கள். பிள்ளையின் கண்முன்னால் எழுதுங்கள்.