தொடை எலும்பு கூடிய பிறகு... தனியே ஒரு சைக்கிள் பயணம்!

விபத்தில் தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன. 'நான் பழையபடி ஆயிட்டேன்'னு காட்டிக்க, சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை தன்னந்தனியே சைக்கிளில் போக ஆசை. கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர்! போகலாமா? டாக்டர் சம்மதித்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் அவசரம் வேண்டாம். 1987-ல் வேட்டையின்போது குண்டடிபட்ட அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், மறுபடி டூர் டி பிரான்ஸ் ஜெயித்தது 1989-ல்தான். அவருக்கே ரெண்டு வருஷம்!

எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். தசை இளைத்தது அதில் தெரியாது. முழங்கால் சில்லுக்கு மேலே 15 செ.மீ. தள்ளி, தையல் டேப்பால் இரண்டு தொடைகளையும் அளந்து பாருங்கள். அடிபட்ட பக்கம் நன்றாகவே மெலிந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இல்லாவிட்டால் நல்ல காலே மொத்த பாரத்தையும் சுமந்து, அந்த முழங்காலும் மக்கர் பண்ணும்.

இன்னொரு சோதனை. நம் ஊரில் சாலையின் இடது ஓரமாக இறங்கி நிற்போம். அப்போது உடம்பின் எடை இடது காலில்தான் விழும். முறிந்தது இடது கால் என்றால், சுவரோரம் நின்று அந்த ஒற்றைக் காலில் அரை நிமிஷம் ஆடாமல் நிற்கப் பழகுங்கள்.

சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் கெடும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம்.

பழகும்போது முதல் வாரம் தினமும் ஐந்தாறு கிலோமீட்டர், சமதரையில், லேசான கியரில் போதும். பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டுங்கள். மறுநாள் காலையிலும் வலி நீடித்தால் கூட்டாதீர்கள். ஆறேழு மாதம் ஆகுமே என்பீர்கள். ஆகட்டுமே!

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. உடம்பு தரும் எச்சரிக்கையை அது மறைத்துவிடும். வெயிலில் நீர்ச்சத்து குறைந்த நேரத்தில் சிலவகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் தேய்த்துவிடாதீர்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் போங்கள்.

தினமும் 60 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். விடிந்ததும் கிளம்பி பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காவல்கிணறு பக்கம் பேய்க்காற்று அடிக்கும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டிருக்கிறார்கள்? அந்த மாதங்களைத் தவிருங்கள்.

ரத்த வகை, காலில் கம்பி இருக்கும் விவரம், வீட்டு போன் நம்பர், மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். இரவு தங்கும் ஊரை முதல் நாளே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.